ஞாயிற்றுக்கிழமை வெல்லம்

நம் வயதில் எல்லோருக்கும் ஒரு டாக்டர் இருக்கிறார். எல்லா டாக்டரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள், இனிப்பைத் தொடாதே என்று. வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் என்னோடு உட்கார்ந்து முழங்கால்வலி பேசுகிற உங்களுக்கெல்லாம் அதில் எவ்வளவு துக்கம் என்று எனக்குத் தெரியும். சர்க்கரைப் பொங்கல் வரும்போது நீங்கள் ஏக்கத்தோடு பார்ப்பீர்கள். நான் பேசாமல் என் பங்கைப் பக்கத்தில் நகர்த்திவிடுவேன். "கெட்டிக்காரி, நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறாள்" என்பீர்கள். கட்டவும் இல்லை, போடவும் இல்லை. வெல்லத்தைக் கண்டால் எனக்குக் கடல் உப்புத்தான் நினைவுக்கு வரும். ஏன் என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலாயாவில், உலு திராமுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுகிறவர். ரப்பர் விலை தரையோடு தரையாகக் கிடந்த காலம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் வீடுகளில் பாதி காலியாகிவிட்டது. பெரியவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எனக்கோ காலி லயமெல்லாம் கண்ணாமூச்சி ஆடும் இடம். விலை விழுந்தால் எனக்கென்ன, எழுந்தால் எனக்கென்ன?

அந்தச் சித்திரையில்தான் சிங்கப்பூரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். சொந்த மாமா இல்லை. அப்பாவும் அவரும் ஒரே கப்பலில் இந்தச் சீமைக்கு வந்தவர்கள், கப்பலிலேயே மச்சான் முறை வைத்துக்கொண்டவர்கள். அவர் துறைமுகத்தில் ஸ்டோர் கிராணி. அவர்களுடைய ஒரே மகள்தான் என் சிநேகிதி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். விசில் அடிப்பாள், மரம் ஏறுவாள், பொய் சொன்னால் கண் சிமிட்டமாட்டாள். வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்ப்போம். மீதி நாளெல்லாம் அடுத்த தடவை என்ன விளையாடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இந்த முறை அவர்கள் இரண்டு டிரங்குப் பெட்டி, சுருட்டிய மெத்தை, கூடவே அத்தையின் அம்மிக்கல் எல்லாம் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மியை அத்தை எங்கள் அடுப்படியில் வைத்து, "இனி இது உங்களுக்குத்தான் மதினி" என்றாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விருந்துக்கு வருகிறவர்கள் அம்மிக்கல்லோடு வருவார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா ஒரு குண்டைப் போட்டார்.

"மச்சான், இந்த நாட்டுல இத்தன வருஷம் இருந்துட்டு ஒரு தீவக்கூடப் பாக்கல நாம. ஈஸ்டருக்குத் துரை சிங்கப்பூர் போறாரு. சனி, ஞாயிறு எனக்கு லீவு. தவுக்கே லோரி சனிக்கிழம மெர்சிங்குக்குக் கருவாடு ஏத்தப் போவுது. நாம எல்லாரும் ஏறிட்டுப் போயிருவோம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் அதே லோரியில திரும்பிரலாம்."

தவுக்கே என்றால் தோட்டத்து மளிகைக்கடைச் சீனர். அவருக்குக் கருவாடு தருகிற மலாய்ப் படகுக்காரரின் வீடு கிழக்குக் கரை ஊரான மெர்சிங்குக்கு எதிரே ஒரு தீவில் இருந்தது. அங்கேயே தங்கலாம் என்று ஏற்பாடு. அந்தத் தீவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இப்போது அங்கே ஓட்டல் கட்டிவிட்டார்களாம். உங்கள் பேரப்பிள்ளைகள் போய்விட்டு வந்து, "ஒண்ணுமே இல்ல பாட்டி, இன்டர்நெட்கூட இல்ல" என்று சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும்.

நாங்கள் இருவரும் வீட்டைச் சுற்றி ஓடி ஓடிக் கத்தினோம். கோழிகள் பயந்து கூரைமேல் ஏறின. ஆனால் அத்தை ஒரு வார்த்தை சொன்னாள், எல்லாம் நின்றது.

"சனிக்கிழம கெழக்க சூலம் அண்ணே."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையில் சூலம் உண்டு. அந்தத் திசையில் அன்று பயணம் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் பரிகாரம் செய்துவிட்டுப் போகலாம். கிழக்கே போகத் தயிர், மேற்கே போக வெல்லம், வாயில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். தீவு கிழக்கே இருந்தது. சனிக்கிழமை கிழக்கே சூலம். அதைவிட வேடிக்கை, திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். பஞ்சாங்கம் எழுதியவர்கள் கிராணிகளின் லீவு நாளை நினைத்துப் பார்க்கவில்லை.

அத்தை இதில் விளையாடமாட்டாள். போன வருஷம் சூலம் பார்க்காமல் வீடு மாற்றினார்களாம். அதனால்தான் கெட்ட காலம் பிடித்தது என்பது அவள் முடிவு. உலகம் முழுக்க வியாபாரம் படுத்துக் கிடந்ததற்கும் அத்தை வீடு மாற்றியதற்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது சிரிக்கத் தோன்றுகிறது. அன்று அவள் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அப்பா ஆபீஸ் மூளையைக் காட்டினார். "தோட்டத்துலேருந்து மெர்சிங் வடக்க. சனிக்கிழம வடக்குக்குத் தோஷம் இல்ல. படகுல ஏறுறப்பதான் கெழக்க திரும்புறோம். அங்க வச்சுத் தயிர் குடிப்போம்."

ஆகவே சனிக்கிழமை விடியும்போது ஒரு தூக்குச்சட்டித் தயிர் அம்மா மடியில் ஏறியது. அம்மா லோரியில் ஏறினாள். லோரி கோத்தா திங்கி வழியாகச் செம்மண் சாலையில் நான்கு மணி நேரம் குதித்துக் குதித்துப் போனது. பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவே நானும் என் சிநேகிதியும் நின்றுகொண்டு பாடினோம். கருவாட்டு வீச்சம் மூக்கைத் துளைத்தது. மழைக்காட்டிலிருந்து பெரிய அலகுப் பறவைகள் இரண்டு பறந்தபோது மாமா தொப்பியைக் கழற்றி வீசினார், அதை எடுக்க லோரியை நிறுத்த வேண்டி வந்தது. மெர்சிங்கில் இறங்கி மூடியைத் திறந்தால் தயிரைக் காணோம். மேலே வெண்ணெய் மிதந்தது.

"அலமாக்! மோராப் போச்சே!" என்றார் மாமா.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது, பாவம். "தயிர்லேருந்துதான மோர் வருது. பரவால்ல" என்றாள். ஆளுக்கொரு மடக்கு குடித்தோம். படகுக்காரரிடமும் நீட்டினோம். அவர் மரியாதைக்கு வாங்கிக் குடித்துவிட்டு, இந்தக் கிலிங் ஆட்கள், அதாவது தமிழர்கள், கடலைக் கண்டால் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்தப் படகுப் பயணத்தை எப்படிச் சொல்வேன்? தோட்டத்துப் பிள்ளைக்கு ரப்பர் மரத்துக்கு மேலே வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழு வானத்தை அன்றுதான் பார்த்தேன். பாய் விரிந்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்தது, அம்மா முருகனைக் கூப்பிட்டாள், நாங்கள் இருவரும் கையை நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டே போனோம். கரை நெருங்க நெருங்கத் தண்ணீருக்கு அடியில் மணல் தெரிந்தது. மணல்மேல் எங்கள் படகின் நிழல் கூடவே வந்தது. மாமாவால் பொறுக்க முடியவில்லை. வேட்டியோடு குதித்துவிட்டார். வேட்டி காற்றுப் பிடித்துப் பந்தாக மிதக்க, அவர் அதற்கு நடுவே நின்று சிரித்தார். அப்பாவும் குதித்தார். தோட்டத்தில் அப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அங்கே அவர் கையில் எப்போதும் பெரட்டுப் புத்தகம் இருக்கும், காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடுவதற்கு. இங்கே கையில் ஒரு கடல் அட்டை இருந்தது. அதை மாமாவின் முதுகில் போட்டார்.

அம்மாவும் அத்தையும் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில், தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு, கையைக் கோத்தபடி நின்றார்கள். படகுக்காரரின் மனைவியை நாங்கள் மாச்சிக் என்று கூப்பிட்டோம். அவள் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தாள், மீனை வாழையிலையில் சுட்டுத் தந்தாள். அத்தை கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை மாச்சிக் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். அதில் அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நானும் என் சிநேகிதியும் கரையோரம் சிப்பி பொறுக்கினோம். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. துரை பங்களாவில் தூக்கி எறிந்தது. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியும் நாயும் இருப்பார்கள். உலகத்திலேயே எனக்கு அதுதான் பெரிய சொத்து. டின் நிறைந்துகொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடுத்த வருஷமும் வருவோம். வருஷா வருஷம் வருவோம்" என்றேன்.

அவள் நின்றாள். "வரமாட்டோம்" என்றாள்.

"ஏன்?"

"அப்பாக்கு வேல போயிருச்சு. செவ்வாக்கெழம கப்பல்ல நாங்க ஊருக்குப் போறோம். நாகப்பட்டினம். திரும்பி வரமாட்டோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஊர் என்பது எங்களுக்குப் பெரியவர்கள் பேசும் ஒரு சொல். நானோ அவளோ அதைப் பார்த்தது இல்லை. அவள் சுவர்ப் பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். பிள்ளைகளிடம் சொல்லாதே, இரண்டு நாளாவது சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று நான்கு பேரும் பேசி வைத்திருந்தார்களாம். நல்ல மனசுதான். ஆனால் அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு ஒரு வாரமாகச் சிரித்திருக்கிறாள். அதை அந்த நான்கு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "அழுவாத புள்ள. நான் ஒரு வழி வச்சிருக்கேன்."

அவள் பாவாடை மடியை அவிழ்த்துக் காட்டினாள். வெள்ளைத் துணியில் முடிந்த ஓர் அச்சு வெல்லம். நாளைக்கு மேற்கே திரும்பும் பயணத்துக்காக அத்தை சுருக்குப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்தது. அத்தை தண்ணீரில் நின்றபோது இவள் எடுத்துவிட்டாள்.

"வெல்லம் இல்லன்னா அம்மா நாளைக்குப் படகுல காலு வைக்கமாட்டாங்க. திங்கக்கெழமதான் கெளம்புவோம். திங்கக்கெழம காலையில கப்பல் டாக்டர் முன்னால ஆளு நிக்கணுமாம். நிக்கலன்னா பேர அடிச்சிருவாங்களாம். கப்பல் போயிரும். அப்புறம் நாங்க உங்க வீட்லயே இருப்போம்."

எவ்வளவு சுலபம்! என் அழுகை அந்த நிமிஷமே நின்றது. ராஜா காலத்து மந்திரிகள்கூட இப்படி ஒரு திட்டம் போட்டிருக்கமாட்டார்கள். சிப்பியையெல்லாம் மணலில் கொட்டினோம். வெல்லத்தை டின்னில் வைத்து மூடி, பெரிய கெத்தாப்பாங் மரத்தின் வேருக்கு அடியில் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தோம். அன்று சாயங்காலம் மாமா எங்களைப் பார்த்து, "ரெண்டும் ஏன் இப்புடி இளிக்கிதுங்க?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டை கட்டியாயிற்று. படகுக்காரர் அவசரப்படுத்தினார். தண்ணீர் வற்றுவதற்குள் மெர்சிங் ஆற்று வாய்க்குள் நுழைய வேண்டும். வற்றிவிட்டால் மறுபடி ஏறும்வரை படகு வெளியிலேயே கிடக்க வேண்டியதுதான். லோரி அதுவரை காத்திருக்காது. அத்தை சுருக்குப்பையைத் திறந்தாள். உதறினாள். வெற்றிலை விழுந்தது, பாக்கு விழுந்தது, விபூதி விழுந்தது.

"வெல்லத்தக் காணோம்."

தேடினார்கள். மூட்டைகளை அவிழ்த்துத் தேடினார்கள். நாங்களும் தேடினோம், எல்லோரையும்விட மும்முரமாக. நான் மாச்சிக் வீட்டு அரிசிப் பானைக்குள்கூடப் பார்த்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

மாச்சிக்குக்கு விஷயத்தைக் கையால் சாடையாக விளக்கினார்கள். அவள் ஓட்டமாகப் போய்க் கறுப்பாக, மூங்கில் குழாயில் வார்த்த தென்னஞ்சர்க்கரைக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "இனி பூன் மானிஸ்" என்றாள். இதுவும் இனிப்புத்தானே என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அத்தை அதை வாங்கினாள், முகர்ந்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது தென்னமரத்துச் சாமான். வெல்லம்னாத்தான் வெல்லம்."

"நேத்து மோரு தயிராச்சே!" என்றார் அப்பா.

"நேத்து வெளையாடப் போனோம் அண்ணே. இன்னைக்கு அப்புடியா போறோம்?" என்றாள் அத்தை. "நான் மாட்டேன். போன தடவ பாக்காமப் பட்டது போதும். எம் புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கடல் தாண்டுற பயணம் இதுலேருந்துதான் ஆரம்பம். நான் படகுல ஏறமாட்டேன்."

மணலில் உட்கார்ந்தும்விட்டாள். நான் என் சிநேகிதியின் கையைக் கிள்ளினேன். ஜெயித்துவிட்டோம்!

"செப்பாட், செப்பாட்! ஆயர் சூருட்!" என்று படகிலிருந்து சத்தம் வந்தது. சீக்கிரம், தண்ணீர் வற்றுகிறது. கரையில் ஈர மணல் அகலமாகிக்கொண்டே வந்தது. அப்பா, சோறு தின்கிற வாயால் இந்த ஒரு தடவை சாஸ்திரத்தை விழுங்கிவிடு என்று கெஞ்சாத குறை. மாமா மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து அத்தையின் பக்கத்தில் குந்தினார். நேற்று வேட்டியைப் பந்தாக்கிக்கொண்டு சிரித்த அதே மனிதர்.

"கப்பல் போயிருச்சுன்னா நாளைக்கி எங்க போயி நிப்போம்? மச்சான் வீட்டு வாசல்லயா? அவன் வேலயும் ஊசலாடிக்கிட்டு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு புள்ள."

மெதுவாகத்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்றோம். பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் கை என் கைக்குள் இருந்தது. அவள் தன் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையை உதறிவிட்டு மரத்தைப் பார்த்து ஓடினாள்.

"வேணாம்!" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கையில் வெல்ல முடிச்சு மட்டும் இருந்தது. எறும்பைப் பாவாடையால் துடைத்துக்கொண்டே வந்தாள். "கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சும்மா. மரத்தடியில போட்டிருந்துச்சு" என்றாள். கண் சிமிட்டவில்லை.

"ஆஞ்சநேயா!" என்று அத்தை எழுந்து மரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எடுத்த குரங்கு துணியை மறுபடி முடிச்சுப் போட்டா வைத்தது என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. ஆஞ்சநேயரே வழிகாட்டினார் என்று அம்மாவும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெல்லத்தை என் சிநேகிதியே உடைத்தாள், அவளே எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, என் அப்பாவுக்கு, அம்மாவுக்கு. கடைசியாக என்னிடம் வந்து உள்ளங்கையில் ஒரு பெரிய துண்டை வைத்தாள். "தின்னு. நீயும் மேற்கதான வர்ற" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு படகில் ஏறினேன். நான் ஒருத்தி தின்னாவிட்டாலும் சூலம் குத்தும், படகு திரும்பிவிடும், கப்பல் போய்விடும். அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த வழி. வெல்லம் கைக்குள் உருகிப் பிசுபிசுத்தது. யாரும் பார்க்காதபோது கையைத் தண்ணீருக்குள் விட்டுத் திறந்தேன். பிறகு விரலை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அடங்கிக் கிடந்தது. ஆற்று வாய்க்குள் கடைசித் தண்ணீரில் நுழைந்தோம். லோரி காத்துக்கொண்டு நின்றது. வழியெல்லாம் அவள் என் தோளில் சாய வந்தாள், நான் நகர்ந்து உட்கார்ந்தேன். பாதி வழியில்தான் பிஸ்கட் டின் நினைவு வந்தது. அந்தச் சீமாட்டியும் நாயும் இன்னும் அந்த மரத்தடியில்தான் இருப்பார்கள், ஓட்டல்காரர்கள் தோண்டியிருக்காவிட்டால். மறுநாள் இருட்டு விலகும் முன்பே அவர்கள் ஜொகூர் பாரு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்காமல் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். அவள் என் பாயருகே வந்து கொஞ்ச நேரம் நின்றது எனக்குத் தெரியும்.

தீபாவளி கழிந்து ஒரு கடிதம் வந்தது. அத்தையின் கடிதத்துக்குள் மடித்து, பென்சிலால் எழுதிய ஒரு துண்டுத்தாள் எனக்கு. தன் அப்பா ஒரு கடையில் எழுத்து வேலை பார்ப்பதாகவும், ஊரில் எல்லோரும் அவள் தமிழைக் கேட்டுச் சிரிப்பதாகவும் எழுதியிருந்தாள். கீழே தனியாக இரண்டு வரி இருந்தது.

"அன்றைக்கு எல்லோருக்கும் கொடுத்தேன். நான் மட்டும் தின்னவில்லை. நீ தின்றாயா?"

நான் பதில் எழுதவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். நாளைக்கு எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று பெட்டியில் வைத்தேன். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், தோட்டத்தைவிட்டு ஓடினோம், பெட்டி போயிற்று, அதோடு விலாசமும் போயிற்று. நமக்கெல்லாம் அந்தக் காலத்தில் போன சாமான்களுக்குக் குறைவா?

என் வயதுக்காரர்களே, உங்களில் யாருக்காவது நாகப்பட்டினம் பக்கம் உறவு இருந்தால், என்னைவிட ஒரு வயது மூத்த, விசில் அடிக்கத் தெரிந்த ஒரு கிழவி அங்கே இருக்கிறாளா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால் இதை அவளிடம் சொல்லுங்கள்: நானும் தின்னவில்லையடி.